வீட்டுக்கு ஐந்து சாவி

மேட்டில் ஒரு கதவுக்கு மூன்று பூட்டு. நடுநகரத்தில் இரண்டு. துறைமுகத்தில் ஒன்று, அதுவும் பெரும்பாலும் பழுதானது. ஆலைப்பக்கத்தில் எத்தனை என்று எங்களுக்குத் தெரியாது. முப்பது வருடத்தில் அங்கிருந்து ஒருவரும் எங்களைக் கூப்பிட்டதில்லை.

நாங்கள் பூட்டுக்காரர்கள். அப்பா தொடங்கிய கடை மேட்டில் இருக்கிறது. அவர் போன பிறகு அண்ணன் முன்னால் உட்கார்ந்தான், நான் பின்னால் பட்டறையில். வெளிவேலைக்கு நான்தான் போவேன். அதனால் நகரம் எனக்குக் கதவு கதவாகத் தெரியும். மேட்டில் கதவு திறப்பதற்குள் உள்ளிருந்து நான்கு கேள்வி வந்துவிடும். நடுநகரத்தில் எந்தக் கதவைத் தட்டினாலும் காவலாளிதான் திறப்பார். துறைமுகத்தில் கதவு திறந்தே கிடக்கும், ஆளைத்தான் தேட வேண்டும். துறைமுகத்துக்காரர்கள் குடிகாரர்கள் என்று பெயர். அந்தப் பெயரை அவர்களே கிளப்பிவிட்டார்கள் என்பது என் கணிப்பு. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வா என்று அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை.

ஆலைப்பக்கத்துக்காரர்கள் திருடர்கள் என்று பெயர். டாக்ஸிக்காரர்கள் பாலத்தின் இந்தப் பக்கமே இறக்கிவிடுவார்கள். வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள் முகவரியில் மாமா வீட்டை எழுதுவார்கள்.

அங்கிருந்து அழைப்பே வராததை வைத்து அண்ணன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான்: திருடுகிறவன் எதற்குப் பூட்டு வாங்கப்போகிறான். நான் வேறொரு முடிவுக்கு வந்திருந்தேன்: திருட்டு இருக்கும் இடத்தில்தான் பூட்டு விற்கும், கடை இல்லாததால் விற்கவில்லை. இரண்டும் தப்பு. இது தெரிய எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. அண்ணனுக்கு ஆறு.

எனக்கு முப்பத்தாறு வயது. பதினாறு வருடம் அண்ணனின் முதுகைப் பார்த்து வேலை செய்திருந்தேன். நல்ல முதுகுதான். ஆனால் போதும் என்று ஆகிவிட்டது. ஆலைப்பக்கத்தில் ஒரு கடை காலியாக இருக்கிறது, நான் எடுக்கிறேன் என்றேன். அண்ணன் இரண்டு நாள் கணக்குப் போட்டான். மூன்றாம் நாள் நிபந்தனை சொன்னான். ஆறு மாதம். ஒப்பந்தம் அவன் பெயரில். பட்டறையின் இரண்டாவது இயந்திரத்தைக் கொண்டுபோகலாம். ஆறு மாத முடிவில் அவன் வந்து பார்ப்பான். சரிவரவில்லை என்றால் ஷட்டரை இறக்கிவிட்டு மறுபடியும் பட்டறை.

"அதுக்கப்புறம் இந்தப் பேச்சே வரக்கூடாது, குட்டி."

"வராது," என்றேன். அந்த முதுகுக்குப் பின்னால் நான் திரும்பப் போவதில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

அண்ணி அங்கே போகும்போது கம்மலைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். காதோடு போய்விடுமாம். அவள் ஆலைப்பக்கத்துக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. நான் கம்மல் போடுவதே இல்லை என்பதையும் இருபது வருடத்தில் கவனித்ததில்லை.

கடை சிறியது. பன்னிரண்டடிக்கு ஒன்பது. ஒரு பக்கம் தையற்கடை, மறுபக்கம் முடிதிருத்தும் கடை. மேலே மூன்று மாடி வீடுகள். ஆலை மூடியபின் அதன் கட்டடங்களை வெட்டி வெட்டி வீடாக்கிய தெரு. ஒவ்வொரு கதவும் இழுத்தால் தானே பூட்டிக்கொள்ளும் வகை. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த வகைக் கதவு பூட்டுக்காரர்களுக்கு வாழ்வு கொடுப்பது. வெளியே வந்து காற்று அடித்தால் போதும், ஆள் வெளியில், சாவி உள்ளே.

அப்பா பெயர் போட்ட பலகையை வாசலுக்கு மேல் மாட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால் பூட்டுகளை அடுக்கினேன். எஃகுப் பூட்டு, ஏழு லீவர் பூட்டு, உள்தாழ், சங்கிலி, எண் பூட்டு. மேட்டில் எது நன்றாக விற்குமோ அதையெல்லாம்.

மக்கள் வந்து பார்த்தார்கள். கண்காட்சிக்கு வந்ததுபோல் நின்று பார்த்தார்கள். ஒருவர் ஏழு லீவர் பூட்டைக் கையில் வாங்கி எடை பார்த்து, நல்ல வேலைப்பாடு என்று பாராட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். முதல் மாதம் இரண்டு பூட்டு விற்றேன். இரண்டும் சைக்கிளுக்கு.

தையற்கடைக்காரி என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அக்கா என்று கூப்பிட்டேன். வாயில் எப்போதும் இரண்டு ஊசி இருக்கும், அதோடே பேசுவாள். என் கண்ணாடியைப் பார்த்து ஒருநாள் கேட்டாள்.

"எதுக்கு இவ்ளோ பெரிய பூட்டு? உள்ள என்ன இருக்குன்னு ஊருக்குச் சொல்றதுக்கா?"

திருட்டே கிடையாதா இங்கே என்று கேட்டேன். சைக்கிள் போகும், துணி காயப்போட்டால் சட்டை போகும் என்றாள். வீடு? வீட்டுக்குள் எப்படி வருவான் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் மாதம் சாவி வரத் தொடங்கியது. நகல் போட. அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மேட்டில் நகல் சாவி என்பது எப்போதாவது வருகிற வேலை. வீட்டுக்காரர் ஒன்று, மனைவி ஒன்று, முடிந்தது. சிலர் மனைவிக்கே கொடுப்பதில்லை. வந்தவர்களிடம் வழக்கம்போல் பேரேட்டை நீட்டினேன். எங்கள் கடையின் விதி அது. சாவி எந்த வீட்டுடையதோ அந்த வீட்டுக்காரர் நேரில் வர வேண்டும், அடையாள அட்டை காட்ட வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். மேட்டில் எங்களுக்கு இருக்கும் நல்ல பெயர் முழுக்க அந்தப் பேரேட்டில்தான் இருக்கிறது. அப்பா ஒரு நீதிபதியையே அட்டை எடுத்து வர வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார். நீதிபதி அதை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லியே எங்களுக்குப் பாதி வாடிக்கை சேர்ந்தது.

முதலில் வந்த நான்கைந்து பேர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். அவரவர் வீட்டுச் சாவி என்பதால் சிக்கல் இல்லை.

மூன்றாம் மாதத் தொடக்கத்தில் தையற்காரக்கா ஒரு சாவியோடு வந்தாள். பல் தேய்ந்து நுனி வளைந்திருந்தது. வேறொன்று போட்டுக் கொடுக்கச் சொன்னாள். யாருடைய சாவி என்று கேட்டேன். இரண்டாம் மாடி நர்ஸினுடையது என்றாள். நர்ஸ் எங்கே? ஆஸ்பத்திரியில், வேலையில். அவர் வந்து கையெழுத்துப் போட்டால் உடனே வெட்டித் தருகிறேன் என்றேன். பேரேட்டைக்கூடத் திறந்து காட்டினேன். நன்றாகவே பேசினேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அக்கா வாயிலிருந்து ஊசியை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். "சரி," என்றாள். சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

நர்ஸின் அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மகளோடு இருக்கிறார். மறுநாள் குப்பை போட வெளியே வந்திருக்கிறார். கதவு பூட்டிக்கொண்டது. அவருக்கு இது வாரம் ஒருமுறை நடக்கும். மாடிப்படியில் நின்றே அக்காவைக் கூப்பிட்டுச் சாவி கேட்பார். அன்றைக்கு அக்காவின் சாவி பூட்டுக்குள் திரும்பவில்லை. சாவி வைத்திருந்த மற்ற இருவரும் அன்றைக்கு வெளியூர் போயிருந்தார்கள். அவர் பனியனோடு மாடிப்படியில் மதியத்திலிருந்து மகள் வரும்வரை உட்கார்ந்திருந்தார். அக்கா கடையில் வந்து உட்காரச் சொல்லியும் பனியனோடு தெருவுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். என்னைக் கூப்பிட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் திறந்திருப்பேன். என் தலைக்கு மேல் இரண்டு மாடிதான். ஒருவரும் கூப்பிடவில்லை. இது எனக்குத் தெரியவந்ததே பிறகுதான்.

அதற்குப் பிறகு கடைக்கு யாரும் வரவில்லை.

சண்டை இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் இல்லை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது முடிதிருத்துபவர் வணக்கம் சொல்வார். அக்கா சாப்பிட்டாயா என்று கேட்பாள். நான் இருக்கிறேன், கடை இருக்கிறது, நடுவில் தெரு போய்க்கொண்டிருக்கிறது. ஒரு மாதம் ஈ ஓட்டினேன். அரங்களையெல்லாம் சுத்தம் செய்தேன். சுத்தமான அரங்களை மறுபடியும் சுத்தம் செய்தேன்.

அண்ணன் தொலைபேசியில் விசாரித்தான். அவன் குரலில் மகிழ்ச்சி இல்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். செல்போன் விற்கிற ஒருவர் அந்த இடத்தைக் கேட்கிறார், ஆறு மாதம் முடிந்ததும் கொடுத்துவிடலாம் என்றான். அதோடு ஒரு வேலையும் சொன்னான். மேட்டில் ஒரு வீட்டில் கதவு மாட்டிக்கொண்டது, அவனுக்கு முதுகு வலி, நான் போக முடியுமா.

போனேன். மேட்டில் நல்ல கட்டடம். தளத்துக்கு நான்கு வீடு. ஒரு பெண் தன் வீட்டு வாசலில், கால்மிதியில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள். கையில் செய்தித்தாள். அதை எடுக்க வெளியே வந்தபோது கதவு சாத்திக்கொண்டதாம். தொலைபேசி உள்ளே. மேலே வந்த காவலாளி கண்ணில் பட்டு, அவர் எங்கள் கடைக்குச் சொல்ல, மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

மூன்று பூட்டில் ஒன்றுதான் விழுந்திருந்தது. திறந்துகொண்டே, எதிர்வீட்டில் உட்கார்ந்திருக்கலாமே என்றேன்.

"பழக்கமில்லை," என்றாள்.

எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். பதினொன்று. எதிர்வீட்டுக் கதவில் பார்க்கும் துளை இருண்டது. யாரோ உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மணி நேரமாகவே பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

அந்தப் பெண் உள்ளே போனதும் நன்றி சொல்லிவிட்டு மூன்று பூட்டையும் போட்டாள். வாசலில் நின்று ஒவ்வொன்றும் விழும் சத்தத்தைக் கேட்டேன். எல்லாம் நான் மாட்டிய பூட்டு. நல்ல பூட்டு.

பாலத்தைத் தாண்டி நடந்தே வந்தேன். நேராகத் தையற்கடைக்குள் போனேன். சுற்றிவளைக்க எனக்கு வராது. என்ன தப்பு செய்தேன் என்று கேட்டேன்.

அக்கா தையலை நிறுத்தவில்லை. தெரு முனைவரை போகும்போல நீண்ட ஒரு தையலை முடித்து நூலைக் கடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"யாரோட சாவின்னு கேட்டே."

"ஆமா."

"என் கையில இருக்கற சாவிய யாரோடதுன்னு கேட்டா என்ன அர்த்தம்?"

நர்ஸ் வீட்டுச் சாவி என்று அவளே சொன்னதை ஞாபகப்படுத்தினேன்.

"வீடு அவளோடது," என்றாள் அக்கா. "சாவி என்னோடது."

பிறகு விளக்கினாள். விளக்க அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. எல்லோருக்கும் தெரிந்ததை வாய் திறந்து சொல்வது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. இந்தத் தெருவில் ஒரு வீட்டுக்கு ஐந்து சாவி. நர்ஸ் வீட்டுக்கு: அவளிடம் ஒன்று, அப்பாவிடம் ஒன்று, அக்காவிடம் ஒன்று, முடிதிருத்துபவரிடம் ஒன்று, மேல்மாடி டியூஷன் டீச்சரிடம் ஒன்று. அப்பாவுக்கு மதிய மாத்திரை கொடுக்க டீச்சர் போவாள். தண்ணீர் வரும் நேரத்தில் குழாயைத் திறக்க அக்கா போவாள். முடிதிருத்துபவர் வாரம் ஒருமுறை ஷேவ் செய்துவிடப் போவார். எந்த வீட்டிலும் யாராவது ஒருவர் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்பார்கள். திருடன் எந்த நேரத்தைப் பார்த்து வருவான்?

சாவி கொடுப்பது லேசில் நடப்பதில்லை. குடிவந்து ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகும். கொடுத்தபிறகு அதைத் திருப்பிக் கேட்பது குடும்பத்தையே வெட்டிவிடுவதுபோல. அக்காவிடம் ஒன்பது வீட்டுச் சாவி இருக்கிறது. தெருவில் அவளுக்கு இருக்கும் மரியாதை அந்த ஒன்பதுதான். அப்படிப்பட்டவளிடம், நடுக்கடையில், ஆட்கள் பார்க்க, கையெழுத்துப் புத்தகத்தை நீட்டியிருக்கிறேன்.

"திருடின்னு நேரா சொல்லியிருக்கலாம்," என்றாள். "நான் ரெண்டு வார்த்த திட்டிட்டு விட்டிருப்பேன்."

மன்னிப்புக் கேட்டேன். ஆனால் எனக்கும் ஒரு பக்கம் இருந்தது, அதையும் சொன்னேன். நாளைக்கு எவனோ ஒருவன் ஒரு சாவியைக் கொண்டுவருவான். நான் வெட்டிக் கொடுப்பேன். அவன் ஒரு வீட்டைச் சுத்தமாகத் துடைத்துவிடுவான். அந்தத் திருட்டில் பாதி என் கையால் நடந்ததாகும். அதற்கு நான் என்ன செய்ய?

அக்கா யோசித்தாள். அவளிடம் எனக்குப் பிடித்தது அது. கேட்டால் யோசிப்பாள்.

"ஆளைத் தெரிஞ்சுக்கோ," என்றாள். "அட்டைய எதுக்குப் பாக்கறே? மேட்டுல நாய்க்குக்கூட அட்டை இருக்காம். எவன் செத்தாலும் நாத்தம் வந்தாத்தான் கண்டுபிடிக்கறாங்க."

கடைக்குப் போனேன். இயந்திரத்தைப் போட்டேன். என் ஷட்டரின் சாவியை ஒரு பக்கம் மாட்டி, வெட்டாத சாவியை மறுபக்கம் மாட்டி, ஒரு நகல் வெட்டினேன். விளிம்பை அரத்தால் தேய்த்து, ஷட்டரில் போட்டுப் பார்த்தேன். பூட்டுக்கடைக்காரர் தன் கடைச் சாவியை வெளியாள் கையில் கொடுப்பது எங்கள் தொழிலில் இல்லாத சமாச்சாரம். உள்ளே எல்லா வகைப் பூட்டும், எல்லாவற்றையும் திறக்கும் கருவியும் இருக்கின்றன. அப்பா எனக்கே இருபத்தைந்து வயதில்தான் கொடுத்தார். இதையெல்லாம் யோசித்துவிட்டுத்தான் வெட்டினேன். கொண்டுபோய் அக்காவின் தையல் மேசையில் வைத்தேன். நான் வெளிவேலைக்குப் போகும்போது யாராவது வந்தால் திறந்து உட்கார வையுங்கள் என்றேன்.

அக்கா அதைத் தொடவில்லை.

"இது ஒண்ணுதானா?"

"ஆமா."

"நான் எங்கயாவது போயிட்டா? ஒண்ணு வச்சிருந்தா அதுக்குப் பேரு சாவியா?"

திரும்பிப் போய் இன்னும் மூன்று வெட்டினேன். முடிதிருத்துபவருக்கு ஒன்று. டியூஷன் டீச்சருக்கு ஒன்று. கடைசி ஒன்றைக் கண்டக்டர் ஐயாவிடம் நானே மாடியேறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படியில் உட்கார்ந்திருந்த கதையை அவர் வாயால் கேட்டது அப்போதுதான். கோபம் இல்லாமல் சொன்னார். சாவியை வாங்கி, கண்ணாடி போட்டு, பல்லைத் தடவிப் பார்த்தார்.

"நமக்கு வீட்டுச் சாவியே கையில நிக்கறதில்ல," என்றார். "என்னை நம்பி கடைச் சாவியா?"

"வெளிய பூட்டிக்கிட்டா நான் திறந்துவிடறேன் ஐயா. தொழிலே அதுதானே."

மறுநாள் காலை நான் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே அது தூக்கியிருந்தது. கண்டக்டர் ஐயா சட்டை போட்டு, தலை வாரி, கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு தினமும் வந்தார். முப்பது வருடம் அவர் பஸ் ஓடிய தெரு. யார் எந்த வீடு, யாருக்கு யார் சித்தப்பா, யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் அவருக்குத் தெரியும். சாவியைக் கொண்டுவருகிறவரை அவர் பார்ப்பார். தலையசைத்தால் வெட்டுவேன்.

ஒருமுறை அசைக்கவில்லை. நல்ல சட்டை போட்ட ஒருவன் இரண்டு சாவியைக் கொடுத்து, அவசரம் என்றான். ஐயா அவனை உட்காரச் சொன்னார். எந்த வீடு என்று கேட்டார். சொன்னான். அந்த வீட்டில் எத்தனை படி என்று கேட்டார். அதற்குள் அக்கா இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள், முடிதிருத்துபவர் கத்தியோடு வாசலுக்கு வந்தார். அவர் பாதி ஷேவில் வந்திருந்தார், கத்தியில் நுரைதான் இருந்தது, ஆனால் அந்த ஆளுக்கு அது போதுமாக இருந்தது. சாவியை விட்டுவிட்டே போய்விட்டான். மாலைக்குள் அது எந்த வீட்டுச் சாவி என்று கண்டுபிடித்து ஒப்படைத்துவிட்டோம்.

ஐந்தாம் மாதம் இயந்திரம் ஓய்வில்லாமல் ஓடியது. ஒரு வீட்டுக்கு ஐந்து. ஒருவர் குடிவந்தால், ஒருவர் போனால், ஒரு கல்யாணம் நடந்தால், ஒரு குழந்தை பிறந்தால் ஐந்து மாறும். தேய்ந்ததை மாற்ற இன்னும் ஐந்து. மேட்டில் இயந்திரத்துக்குக் கீழே இருக்கும் தட்டில் பித்தளைத் தூள் சேர மாதங்கள் ஆகும். இங்கே தினமும் காலையில் கொட்டினேன்.

ஆறாம் மாதக் கடைசி சனிக்கிழமை பத்து மணிக்கு வருவதாக அண்ணன் சொல்லியிருந்தான். ஒன்பதரைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கதவைத் திறந்துகொண்டிருந்தேன். போன் வந்தது.

கடை திறந்து கிடக்கிறது, உள்ளே எவனோ உட்கார்ந்திருக்கிறான் என்றான் அண்ணன். மெதுவாகப் பேசினான், பக்கத்தில் ஆள் இருப்பதுபோல.

"வயசானவரா?"

"ஆமா. என்னை யாருன்னு கேக்கறார்."

"சொன்னியா?"

"சொன்னேன். கடைக்காரம்மா வரட்டும், உக்காருங்கன்னு சொல்றார். என் கடையில என்னை ஸ்டூல்ல உக்கார வச்சிருக்கார், குட்டி."

வேலையை முடித்துவிட்டுத்தான் போனேன். அண்ணன் ஸ்டூலில் இருந்தான். கண்டக்டர் ஐயா எதிரில் இருந்தார். நான் உள்ளே நுழைந்து, என் அண்ணன்தான் என்றேன். ஐயா எழுந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, பேசிக்கொள்ளுங்கள் என்று பக்கத்துக் கடைக்குப் போனார்.

அண்ணன் முதலில் கண்ணாடியைப் பார்த்தான். பூட்டெல்லாம் அப்படியே இருந்தது. எத்தனை விற்றாய் என்றான். எட்டு என்றேன். பிறகு பேரேட்டை எடுத்தான். கடைசிக் கையெழுத்து நான்கு மாதத்துக்கு முந்தையது. அவன் முகத்தில் பரிதாபம் வந்தது. சாவியும் வரவில்லையா என்று கேட்டான்.

இயந்திரத்தின் தட்டை இழுத்து அவன் முன்னால் வைத்தேன். பித்தளைத் தூள் விளிம்புவரை இருந்தது. அவன் விரலை விட்டுப் பார்த்தான். முதல் மூட்டுவரை போயிற்று.

"எத்தனை நாள் தூள்?"

"நேத்தோடது."

பூட்டுக்காரனுக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. அவன் கொஞ்ச நேரம் தூளைப் பார்த்தான். பேரேட்டைப் பார்த்தான். இரண்டையும் சேர்த்து யோசித்தபோது முகம் மாறியது.

கையெழுத்து வாங்காமலே வெட்டுகிறாயா என்று கேட்டான். எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து சாவியை, ஐயாவின் தலையசைப்பை, என் ஷட்டர் சாவி நான்கு பேரிடம் இருப்பதை. கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டான்.

அவன் கத்தவில்லை. பயந்தான். அவன் பயம் நியாயமானது. இது மேட்டில் தெரிந்தால் போதும் என்றான். அதே பெயர், அதே பலகை. ஆலைப்பக்கத்தில் கண்டவனுக்கும் கள்ளச்சாவி வெட்டிக் கொடுக்கிறார்களாம் என்று ஒருவர் சொன்னால் போதும், அவன் கடை மூடவேண்டியதுதான். முப்பது வருடப் பெயர்.

கையெழுத்து யார் வேண்டுமானாலும் போடலாம் என்றேன். மூன்று வருடத்துக்கு முன் மேட்டில் ஒருவன் மாமனார் வீட்டுச் சாவிக்கு நகல் வாங்கிப்போனதை ஞாபகப்படுத்தினேன். விவாகரத்தான மருமகன். முகவரி அட்டையில் இன்னும் மாறியிருக்கவில்லை. அழகாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனான். வீட்டிலிருந்ததைத் திருடியதும் அவன்தான்.

அண்ணனுக்கு அது மறக்கவில்லை. ஆனாலும் தலையாட்டினான்.

"நீ சொல்றது சரியாவே இருக்கட்டும். மேட்டுக்காரங்களுக்கு நான் இதை எப்படிச் சொல்லுவேன்? அவங்களுக்கு இந்த இடம்னாலே திருட்டுதான். பேரேடு வை. இல்லன்னா கடைய எடுத்துருவோம்."

பேரேடு வைத்தால் கடை அன்றைக்கே செத்துப்போகும் என்று எனக்குத் தெரியும். ஒரு மாதம் ஈ ஓட்டிப் பார்த்தவள். அண்ணன் சொல்வதும் பொய் இல்லை. அவன் வாடிக்கைக்காரர்கள் கதவுத் துளை வழியாக நகரத்தைப் பார்க்கிறவர்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது பெயர் மட்டும்.

"அப்ப பேரை நீ எடுத்துக்க," என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை.

"பலகைய எடுத்துட்டுப் போ. பேரு மேட்டுக் கடைக்கு மட்டும் இருக்கட்டும். இந்தக் கடைக்கும் உனக்கும் சம்பந்தமில்ல. ஒப்பந்தத்த நான் என் பேருக்கு எழுதிக்கறேன். மிஷினை மட்டும் விட்டுட்டுப் போ."

அண்ணன் ஸ்டூலில் மறுபடியும் உட்கார்ந்தான். பக்கத்தில் தையல் இயந்திரம் ஓடியது, நின்றது. அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். இந்தத் தெருவில் சுவர் மெல்லியது.

"அப்பா பேரு வேணாமா உனக்கு?"

"அப்பா மூக்கு இருக்கு. போதும்."

அவன் சிரித்துவிட்டான். அவனுக்கு அம்மா மூக்கு. சின்ன வயதில் அது பற்றி எங்களுக்குள் பெரிய சண்டையே நடந்திருக்கிறது.

பேரில்லாத கடைக்கு யார் வருவார்கள் என்று கேட்டான். ஒருவரும் அந்தப் பலகையைப் படித்ததே இல்லை என்றேன். ஐயா கடை என்றுதான் சொல்கிறார்கள். நான் அங்கே வேலை செய்கிறவள் என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏணியில் நானே ஏறினேன். நான்கு திருகாணி. மூன்று சுலபமாக வந்தன, நான்காவது துருப்பிடித்திருந்தது. அண்ணன் கீழே நின்று பலகையைத் தாங்கினான். பிடித்துக்கொள் என்று இரண்டு முறை சொன்னேன், பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று இரண்டு முறை சொன்னான். வாங்கிக்கொண்டபின் அதிலிருந்த தூசியைத் தன் கைக்குட்டையால் துடைத்தான். நான் திருகாணிகளைப் பையில் போட்டுக்கொண்டேன். இறங்கிவிட்டேன்.

பஸ்ஸில் இதை ஏற்றமாட்டார்கள் என்று கவலைப்பட்டான். டாக்ஸி பாலத்தைத் தாண்டி வராது. கண்டக்டர் ஐயா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். அவர் காலத்தில் ஒருவர் கதவையே ஏற்றினாராம், வீட்டுக் கதவை, நிலையோடு. இருவரும் பலகையின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள்.

நான் உள்ளே வந்தேன். இரண்டு பேர் காத்திருந்தார்கள். வேலையைத் தொடங்கினேன். மூன்றாவது சாவி வெட்டும்போது போன் அடித்தது. பின்னால் பஸ் சத்தம். பலகையை ஏற்றிவிட்டார்கள் என்று புரிந்தது.

"குட்டி."

"சொல்லு."

"மிஷினோட வெட்டுச் சக்கரம் மழுங்கியிருக்கு. போன்லயே கேக்குது. சத்தத்துலயே தெரியல உனக்கு?"

"வேல நெறய."

"திங்கட்கிழமை ரெண்டு சக்கரம் அனுப்பறேன். மாத்திடு."

ஆகட்டும் என்றேன். வைத்துவிட்டு, இயந்திரத்தை நிறுத்தி, சக்கரத்தை விரலால் தடவிப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான்.